கேசட் அங்கிள்

டிசம்பர் மூன்றாவது வாரத்தில், மும்பை அணுசக்தி நகர் வாசலில் துணிப்பையும் கையுமாக ஒருவர் காவலரிடம் வாதாடிக்கொண்டிருந்தால், அவர்தான் கேசட் அங்கிள். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அவரும் செய்துவிட்டு நெரூலுக்குக் குடிபோய்விட்டார். காலனி கிறிஸ்துமஸ் விழாவில் பாட்டுப் போடும் பொறுப்பைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு ஏதும் வரவில்லையே என்பது அவர் கட்சி.

நாகர்கோவில், மங்களூர், கோட்டயம் என்று எந்த ஊர்க்காரராகவும் இவர் இருக்கலாம். டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் இத்தனை வருடம் என்ன வேலை பார்த்தார் என்று கட்டிய மனைவிக்கே தெரியாது. ரகசியம் காப்பதில் அப்படி ஒரு கெட்டி. ஆனால் போனி எம் குழுவின் ‘டாடி கூல்’ வந்தது 1976, ‘ரஸ்புடின்’ 1978 என்று கேட்காதவரையும் நிறுத்தி வைத்துச் சொல்லுவார்.

பையில் இருக்கும் டிடிகே கேசட்டுகளை மேஜையில் கொலு மாதிரி அடுக்குவார். அவற்றைப் போட்டுக் கேட்க இப்போது கருவி கிடையாது. பாட்டெல்லாம் வருவது பேத்தி ஏற்றிக் கொடுத்த பென் டிரைவிலிருந்து. அதைக் கேசட்டுகளுக்குப் பின்னால் மறைத்துச் செருகுவார். லாமிங்டன் ரோட்டில் உதிரி வாங்கித் தானே பூட்டிய ஆம்ப்ளிஃபயரின் குமிழை மட்டும் யாரும் தொடக்கூடாது.

ஜெபம், ஹௌசி எல்லாம் முடிந்ததும் முதலில் ஜிம் ரீவ்ஸ். “அறுபத்து மூணுல கிறிஸ்துமஸ் ஆல்பம். அடுத்த வருசமே பிளேன் விழுந்து செத்துட்டாரு மனுசன்” என்று பிரியாணித் தட்டோடு நிற்பவரிடம் சொல்வார். அவர் கொஞ்ச நேரம் மெல்லுவதை நிறுத்தத்தான் வேண்டும். அடுத்து எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936-ல் சென்னையில் பிறந்தவர் என்பதால் அவரை ஏறக்குறைய சொந்தக்காரர் வரிசையிலேயே சேர்த்துவிட்டார்.

பிறகு போனி எம். இதற்குத்தான் கூட்டம் எழுந்து ஆடும். ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ வந்ததும் இடுப்பு ஆடாத ஆள் கிடையாது. அது பைபிளில் சங்கீதம் 137. சிறைப்பட்டு அந்நிய தேசம் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுத பாட்டு. ஊரைவிட்டு வந்த நம் ஜனம் அதற்குக் கைதட்டி ஆடுவதில் அங்கிளுக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. பாட்டை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

‘ரஸ்புடினுக்கு’ முன்னுரை நீளம். போனி எம் மேடையில் ஆடிய பாபி ஃபேரல் வாயசைத்ததோடு சரி, ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது. அந்த ஃபேரல் 2010-ல் இறந்தது ரஸ்புடின் கொல்லப்பட்ட அதே செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அதே டிசம்பர் 30-ல். பாலன் பிறந்த விழாவில் ரஷ்யச் சாமியாருக்கு என்ன ஜோலி என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்டுவிடக்கூடாது.

பேர்டி டான்ஸ் வந்துவிட்டால் சாதி மதம் போய்விடும். கேக்கில் முட்டை உண்டா என்று மூன்று பேரிடம் விசாரித்த பக்கத்து பில்டிங் மாமி, முழங்கையைச் சிறகாக மடக்கிக்கொண்டு நடுவட்டத்தில் நிற்பார். அங்கிள் மட்டும் ஆடமாட்டார். ஆம்ப்ளிஃபயரை யார் பார்த்துக்கொள்வது?

பையன்கள் கூட்டமாக வருவார்கள். “அங்கிள், அந்த ரீல்ஸ் பாட்டு, ரஸ்புடின் போடுங்க!”

“இப்பத்தானே போட்டேன்?”

“அது இல்ல அங்கிள், ஒரிஜினல்!”

அவர்கள் ஒரிஜினல் என்பது 2021-ல் மெஜஸ்டிக் என்பவர் செய்த ரீமிக்ஸ். அங்கிள் முகம் சிவந்துவிடும். “மக்களே, உங்க அப்பன் பிறக்கதுக்கு முன்னால வந்த பாட்டு அது!”

இதற்குள் ஒருவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வருவார். காலனி முழுக்க விஞ்ஞானிகள். குடியிருப்புப் பகுதியில் சத்தம் பகலில் 55 டெசிபல், இரவு 45-ஐத் தாண்டக்கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். செயலி எத்தனை காட்டுகிறது பாருங்கள் என்பார் அவர். அந்தக் கைப்பேசி மைக் சரியாக அளவுதிருத்தம் செய்யப்பட்டதா, எந்தத் தூரத்தில் நின்று அளந்தீர்கள் என்று அங்கிள் பிடித்துக்கொள்வார். இருவரும் அளந்து பார்க்க வெளியே போவார்கள்.

அந்த இடைவெளியில் மனைவி எழுந்து போய், பேத்தியின் கைப்பேசியைச் செருகி ரீமிக்ஸைப் போட்டுவிடுவார். குமிழையும் தொடுவார். மாமி உட்பட அத்தனை பேரும் மறுபடி நடுவட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

அங்கிள் திரும்பி வந்து வாசலிலேயே நின்று காதைக் கொடுப்பார்.

“யாரு பேஸைக் குறைச்சது?”