குடைக்குத் தோற்ற கப்பல்

ஜூலை 23 விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா இறந்த நாள். அன்றைக்கு அவர் இறந்த ஊரான பாப்பாரப்பட்டியில் மாலைக்குப் பஞ்சமில்லை. கரை வேட்டிகள் வரும், கும்பிடும், படம் எடுத்துக்கொள்ளும், தருமபுரி ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிடும். பேச மைக் கிடைத்தவர் சிறை, சித்திரவதை, தொழுநோய் என்று உருகுவார். மனிதர் எதற்காகச் சிறைக்குப் போனார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கப்பல் கதை வரும். கப்பல் கதை வந்தால் கணக்கு வரும். கணக்குக்கும் நம் பெரிய மனிதர்களுக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது?

நான் கணக்கே பேசுகிறேன். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி–கொழும்பு வழியைத் தன் பாட்டன் சொத்தாக நினைத்திருந்த பி.ஐ. என்ற வெள்ளைக்காரக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. அப்புறம் சும்மாவே ஏற்றிக்கொள்கிறேன் என்றது. அதற்கும் மேலே போய், ஏறுகிற ஆளுக்கு ஒரு குடையும் தருகிறேன் என்றது. சுதந்திர வணிகம் என்று உலகத்துக்கு வகுப்பெடுத்தவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் ஓசிக் குடை! கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போன ஏழை அந்தக் குடையை வாங்கியிருந்தால் அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் தலையில் உண்மையாகவே மழை பெய்தது.

இதே ஆட்டம் அதற்கு முப்பது வருஷம் முன்பு ஜப்பானிலும் நடந்தது. 1853இல் அமெரிக்க அதிகாரி பெர்ரி பீரங்கிக் கப்பல்களோடு வந்து கதவைத் திறக்கச் சொன்னான். திறந்தார்கள். கேட்ட ஒப்பந்தத்திலெல்லாம் கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் 1875இல் அரசாங்கமே மிட்சுபிஷி கம்பெனிக்கு 13 கப்பல்களைக் கொடுத்து, ஆண்டுக்கு 2,50,000 யென் மானியமும் கொடுத்தது. மறு வருஷம் பி அண்டு ஓ என்ற வெள்ளைக்காரக் கம்பெனி யோகோஹாமா–ஷாங்காய் வழியில் புகுந்து கட்டணத்தை வெட்டியது. மிட்சுபிஷியும் வெட்டியது. வெளிநாட்டுக் கப்பலில் ஏறும் ஜப்பானியன் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டது. சில மாதங்களில் பி அண்டு ஓ மூட்டை கட்டியது.

சீனாவின் கதை அவ்வளவு சுகமில்லை. 1839இல் லின் செஷு என்ற அதிகாரி ஆங்கில வியாபாரிகளிடமிருந்து 20,000 பெட்டிக்கு மேல் அபின் பறித்து அழித்தார். போதைச் சரக்கை அழித்த குற்றத்துக்காகப் படையெடுப்பு, 1842 நான்கிங் ஒப்பந்தம், 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம், ஹாங்காங் பறிப்பு. அந்த அபின் விளைந்தது நம் மண்ணில். அந்தப் போரில் மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களும் சீனர்களைச் சுட்டார்கள். பயிர் நம்முடையது, துப்பாக்கி பிடித்த கை நம்முடையது, லாபம் மட்டும் லண்டனுடையது. அவ்வளவு அடி வாங்கிய பிறகும் 1872இல் லி ஹோங்சாங் 'சைனா மெர்ச்சண்ட்ஸ்' என்ற கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வரி அரிசி ஏற்றும் வேலையை அரசாங்கம் அதற்குக் கொடுத்தது. 1877இல் அது ஓர் அமெரிக்கக் கப்பல் கம்பெனியையே விலைக்கு வாங்கியது. உள்ளே அதிகாரிகள் தின்று கொழுத்தார்கள்தான். தின்றாலும் கம்பெனியைச் சாகவிடவில்லை.

தூத்துக்குடிக் கப்பலுக்கும் அரசாங்கம் வராமல் இல்லை. கைவிலங்கோடு வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் அவர் வீட்டில் தங்கியிருந்த சிவாவும் கைது. ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்பு: சிவாவுக்கு 10 ஆண்டு. வ.உ.சி.க்கு ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்டதற்கு அந்தச் சர்க்கார் வைத்த விலை அது. மேல்முறையீட்டில் குறைந்தது என்பது வேறு.

வெள்ளைக்காரனாவது எதிரி. நம்மவர்கள்? தலைவர் சிறையில் இருக்கும்போதே 1911இல் கம்பெனியைக் கலைத்துக் கப்பலைப் போட்டிக்காரனிடமே விற்றார்கள். அதே 1911இல்தான் ஜப்பான் தன் சுங்க வரியைத் தானே விதிக்கும் உரிமையை வல்லரசுகளிடமிருந்து திரும்ப வாங்கியது. அங்கே வரி உரிமை வந்த வருஷம், இங்கே கப்பல் போன வருஷம்.

1912இல் சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று விரட்டினார்கள். ஊர் ஊராக நடந்தார். பாப்பாரப்பட்டியில் நிலம் வாங்கி ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப 1923இல் சி.ஆர். தாஸை அழைத்து அடிக்கல் நாட்டினார். 1925இல் அங்கேயே இறந்தார். அந்த ஆலயத்தை எழுப்ப நமக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் பிடித்தது. எழுந்த கையோடு, 2022 ஆகஸ்டில் ஒரு கூட்டம் போய் அதன் பூட்டை உடைத்தது. கைது, கண்டனம், எதிர்க்கண்டனம். சிவா பட்டினி கிடந்தபோது இத்தனை பேர் வரவில்லை.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பல் கம்பெனி பிறந்த அதே 1906இல் மொரப்பூர்–தருமபுரி ரயில் ஓடத் தொடங்கியது. 1941இல் போருக்கு இரும்பு வேண்டுமென்று வெள்ளைக்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போனான். சுதந்திரம் வந்து எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து, 2019இல், திரும்பப் போட அடிக்கல் நாட்டினார்கள். கல் அங்கேதான் இருக்கிறது. சென்னை ரயிலைப் பிடிக்கத் தருமபுரிக்காரர்கள் நாங்கள் இன்னும் மொரப்பூருக்குப் பஸ்ஸில்தான் போகிறோம். பிடுங்கியவன் சில மாதத்தில் பிடுங்கினான், போடுகிறவன் எண்பது வருஷமாகப் போடுகிறான்.

பழைய வணிக ஆட்டமும் இன்னும் முடியவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நின்றது. அங்கே தைத்துக்கொண்டிருந்தவர்களில் எங்கள் பக்கத்துப் பென்னாகரத்துப் பிள்ளைகளும் உண்டு. சீனா அந்த ஏப்ரலிலேயே அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியை இறுக்கி அமெரிக்க வரிக்கு எதிர் அடி கொடுத்திருந்தது. நம் தேசபக்தர்கள் வாட்ஸாப்பில் சுதேசி இயக்கம் நடத்தினார்கள். வாட்ஸாப் எந்த நாட்டுச் சரக்கு என்று அவர்களிடம் கேட்டுத் தொலைக்காதீர்கள்.

லி ஹோங்சாங் தொடங்கிய சைனா மெர்ச்சண்ட்ஸ் இன்றும் இருக்கிறது. ஹாங்காங்கின் புறநிலங்களை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பது எப்படி என்று 1898இல் வெள்ளைக்காரன் சீனாவுக்குக் காட்டினான். 2017இல் அதே 99 ஆண்டுக்கு அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சைனா மெர்ச்சண்ட்ஸ் எடுத்துக்கொண்டது. வ.உ.சி. கப்பல் விட்ட கொழும்புத் துறைமுகத்திலும் ஒரு கொள்கலன் முனையத்தின் 85 விழுக்காடு பங்கு அந்தக் கம்பெனியிடம்தான் இருக்கிறது.