மாப்ளே, கத்தி அடிக்கப் போறியாமே!

கேள்விப்பட்டேன் மாப்ளே. லீவுக்கு வந்த இடத்துல சும்மா இருக்காம, பழைய இரும்பையும் பழைய மரத்தையும் வச்சு நீயே கத்தி அடிக்கப் போறியாம். உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. ரொம்பச் சந்தோஷம். போன்லயே பாத்து எல்லாத்தையும் படிச்சிட்டியாமே, இனிமே என்னை மாதிரி கெழடு சொல்லி என்ன ஆகப் போகுது? இருந்தாலும் தாய்மாமன்னு ஒருத்தன் திண்ணையில உக்காந்திருக்கேன், வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

கையில என்னது, முறுக்குக் கம்பியா? பலே! அது கான்கிரீட்டுக்குள்ள படுத்துக் கெடக்கறதுக்குன்னு செஞ்ச சாமான். கரிச்சத்து நூத்துக்கு 0.3 இருந்தாலே பெருசு. அதை எத்தனை தரம் காய்ச்சி அடிச்சாலும் கூர் நிக்காது. தக்காளியை வெட்டாது, வேணும்னா மெரட்டும். அந்தத் துத்தநாகம் பூசின பைப்பையும் தூக்கிப் போடு. உலையில வச்சா வெள்ளையா ஒரு புகை வரும், அதைக் குடிச்சா ராத்திரி காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுக் கெடப்பே.

பழைய இரும்புக் கடைக்குப் போய் லாரி ஸ்பிரிங் பட்டா கேளு. திருப்பாச்சேத்தி அருவா, திருப்பாச்சேத்தி அருவான்னு சினிமாவுல பாத்து விசிலடிச்சியே, அங்க பட்டறைக்காரவுக கையில இருக்கறதும் அந்தப் பட்டாதான். கரிச்சத்து 0.5, 0.6 இருக்கும். நம்பிக்கை இல்லைன்னா சாணைக்கல்லுல லேசாப் பிடிச்சுப் பாரு. பொறி கம்பி மத்தாப்பு மாதிரி பூப்பூவா வெடிச்சா நல்ல சரக்கு. நீட்டு நீட்டா ஓடி அடங்குச்சுன்னா கடைக்காரன் உன் சட்டையைப் பாத்து வெலை சொல்லியிருக்கான்.

அடிக்கறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சம்மட்டி தூக்குன மறுநாள் உன் தோளே உனக்கு எல்லாத்தையும் சொல்லும். நைலான் சட்டையை மட்டும் கழட்டிட்டு நில்லு, போதும்.

தோய்ச்சல்லதான் மாப்ளே சூட்சுமம் இருக்கு. நீ படம் எடுக்க வெளிச்சம் வேணும்னு நடு முத்தத்துல உலை மூட்டுவே. வெயில்ல இரும்போட நெறம் தெரியாது. செவந்தது பத்தலைன்னு நெனச்சு இன்னும் ஊதுவே, இரும்பு கருகிப் போகும். பட்டறையெல்லாம் ஏன் இருட்டா இருக்குங்கற? கரண்டு பில்லுக்குப் பயந்தா? கண்ணு பழகற வரைக்கும் ஒரு காந்தம் வச்சுக்க. 770 டிகிரிக்குப் பக்கத்துல இரும்பு காந்தத்துல ஒட்டாது. அதுக்கு மேல கொஞ்சம் சூடேத்தி, எண்ணெயில எறக்கு. பட்டறைக்காரர் கத்தியோட வாயை மட்டும் தண்ணியில தொட்டுத் தொட்டு எடுப்பாரு. அவரு கைக்கு அது வரும், உனக்கு 'டிங்'னு ஒரு சத்தம்தான் வரும். அது கத்தி வெடிச்ச சத்தம்.

தோய்ச்சதும் அரத்தை வச்சுத் தேய்ச்சுப் பாரு. வழுக்கிக்கிட்டு ஓடணும். உடனே ஆட வேண்டாம், அந்த நெலமையில கீழ விழுந்தாலும் ஒடையும். உங்கம்மா ஆசையா வாங்கித் துணி போத்தி வச்சிருக்காளே கேக் அடுப்பு, அது பொறந்ததே இதுக்குத்தான். 200 டிகிரியில ரெண்டு மணி நேரம் போடு, வைக்கோல் நெறம் பூக்கும். அப்புறம் மிஷின் சாணையில கூர் போடறப்ப தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடி. அவசரப்பட்டு வாயில நீலம் ஏறிச்சோ, தோய்ச்ச பாடெல்லாம் போச்சு.

பிடிக்கு எங்க வீட்டுக் கொல்லையில ஒடஞ்ச வண்டிச் சக்கரம் கெடக்கு. ஆரக்கால் எல்லாம் கருவேலங்கட்டை, ஊறி ஊறிக் காஞ்சது. ஒண்ணை அறுத்துக்க. அரக்கை உருக்கி ஊத்திக் காம்பைச் செருகு, மேல பூண் போடு. பிடியில உன் பேரை வெட்டப் போறியாமே? கத்தி ஒரு வெங்காயத்தையாவது அரியட்டும், அப்புறம் வெட்டு.

அலகு நீளம் 6 இஞ்சு போதும். வீட்டு வேலைக்கும் காட்டு வேலைக்கும் இல்லாம 9 இஞ்சுக்கு மேல நீட்டினாலோ 2 இஞ்சுக்கு மேல அகலம் வச்சாலோ ஆயுதச் சட்ட விதியில அது ஆயுதக் கணக்கு. ஊருக்குத் திரும்பறப்ப கைப்பையில வச்சுக்கிட்டு விமானம் ஏறப் போயிடாத, வாசல்லயே பிடுங்கிக்குவான். பெரிய பெட்டியில சுத்தி வச்சு அனுப்பு.