பேஷ்வா கட்டிய டியூஷன் பீஸ்

என் அக்கா பையன் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, டி.வி.யில் இந்தி. இந்த மூன்றையும் சமாளித்தவன், இங்கிலீஷ் வார்த்தைப் பட்டியல் ஒன்றில் மாட்டிக்கொண்டு விழித்தான். பிரவுன் அட்டை போட்ட நோட்டு. இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் அர்த்தம் எழுதக் காலியிடம். ரெசிடென்ட், சப்சிடியரி, கேம்ப், பென்ஷன், செட்டில்மென்ட், ரயட், டிஸ்அஃபெக்‌ஷன். பட்டியல் போட்ட டீச்சர், தனக்கே தெரியாமல் புனே சரித்திரத்தை வரிசை பிசகாமல் எழுதிக் கொடுத்திருந்தார்.

"டிக்‌ஷனரியை மூடு. இதுக்கெல்லாம் இந்த ஊர் எப்பவோ பீஸ் கட்டிடுச்சு" என்றேன்.

"ரெசிடென்ட்னா அபார்ட்மென்ட்ல இருக்கறவங்கதானே மாமா? மாசாமாசம் மெயின்டெனன்ஸ் கட்டுவாங்களே?"

முதல் பாடமே தலைகீழ். 1786இல் சார்லஸ் மாலெட் என்ற துரை கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட்டாக, அதாவது பிரதிநிதியாகப் புனேக்கு வந்தார். முளா, முட்டா ஆறுகள் கலக்கும் சங்கத்தில் பங்களா எழுந்தது. இந்த வகை ரெசிடென்ட் மெயின்டெனன்ஸ் கட்ட மாட்டார். கொஞ்ச நாள் கழித்து நம்மிடம் வசூலிப்பார்.

அந்த நாளும் வந்தது. 1802 தீபாவளியன்று, ஊர் பட்டாசு வெடிக்கிற நேரத்தில், ஊருக்கு வெளியே ஹடப்சரில் எதிரி மராட்டியத் தலைவர் ஹோல்கரின் பீரங்கி வெடித்தது. புனேயை ஆண்ட இரண்டாம் பாஜிராவ் பேஷ்வா பிடித்தார் ஓட்டம். வசாய் போய்த்தான் நின்றார். அங்கே டிசம்பர் 31ஆம் தேதி, உலகம் புத்தாண்டுக்குத் தயாராகிற அன்று, கம்பெனி நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதில்தான் 'சப்சிடியரி' பாடம். சப்சிடியரி என்றால் துணை. துணைக்கு ஆறாயிரம் சிப்பாய்கள் வருவார்கள். அவர்கள் செலவுக்கு வருஷம் 26 லட்சம் ரூபாய் வருமானம் தரும் சீமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வாட்ச்மேனுக்குச் சம்பளமாக வீட்டில் இரண்டு ரூமைப் பத்திரம் பண்ணிக் கொடுத்த மாதிரி. கம்பெனியைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரனோடு பேசக்கூடாது என்பது கூடுதல் ஷரத்து.

மறு வருஷம் ஆர்தர் வெல்லெஸ்லி, மைசூர்ப் பக்கமிருந்து படையோடு வந்து பாஜிராவைப் பழையபடி நாற்காலியில் உட்கார வைத்தார். அந்தப் படையில் மெட்ராஸ் ராணுவத்துச் சிப்பாய்களும் வந்தார்கள். ஆக, இந்த டியூஷன் சென்டருக்குப் பெஞ்சு தூக்கி வந்ததில் நம் பக்கத்து ஆட்களுக்கும் பங்குண்டு. எதற்கும் சொல்லி வைக்கிறேன்.

பதினைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், அது தன் நாற்காலி இல்லை என்று பாஜிராவுக்கு உறைத்தது. 1817 நவம்பர் 5, கட்கியில் சண்டை. பேஷ்வா பர்வதி மலைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பார்கள். பால்கனி டிக்கெட். மராட்டியர் சங்கத்து ரெசிடென்சிக்குத் தீ வைத்தார்கள். அன்றைய ரெசிடென்ட் எல்ஃபின்ஸ்டன் ஆசை ஆசையாகச் சேர்த்த புத்தகங்கள் அதில் போயின. எனக்கு மனசு கேட்காத இடம் இது ஒன்றுதான். ஆனால் சண்டையில் தோற்றது பேஷ்வா. நவம்பர் 17ஆம் தேதி பேஷ்வாவின் அரண்மனையான சனிவார் வாடாவில் யூனியன் ஜாக் ஏறியது.

'லூட்' என்ற வார்த்தை பட்டியலில் இல்லை என்று பையன் வருத்தப்பட்டான். எப்படி இருக்கும்? அது நம் வார்த்தை. பொருளை எடுத்துக்கொண்டு போனவர்கள், செய்த காரியத்துக்கான பெயரையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். இப்படிப் போன வார்த்தைகளையெல்லாம் தொகுத்து 1886இல் ஒரு அகராதி வந்தது, ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்று. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். நம் மிளகுத் தண்ணி 'மல்லிகட்டானி' ஆகி அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கிய நாக்கு அல்லவா?

'கேம்ப்' பாடம் சுருக்கமானது. கூடாரம் போட்டு நாலு நாள் தங்கிப் போவது என்று டிக்‌ஷனரி சொல்லும். 1817இல் வந்து இறங்கிய கேம்ப் இன்னும் புனேயில் கேம்ப்தான். பஸ்ஸில் ஏறி "கேம்ப்" என்றால் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். கூடாரத்தைத்தான் காணோம்.

'பென்ஷன்' பாடத்தில் மட்டும் மாணவர் வாத்தியாரை மடக்கிவிட்டார். 1818 ஜூனில் சரணடைந்த பாஜிராவுக்கு வருஷம் எட்டு லட்சம் ரூபாய் தருவதாகக் கம்பெனி அதிகாரி மால்கம் வாக்குக் கொடுத்தார். இவ்வளவா என்று கல்கத்தா முணுமுணுத்தது. கங்கைக் கரையில் பிட்டூருக்குப் போன பாஜிராவ், சண்டையில் காட்டாத உறுதியை அங்கே காட்டினார். 1851 வரை உயிரோடிருந்து, இரண்டரைக் கோடிக்கு மேல் வாங்கிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அந்தப் பென்ஷன் எனக்கும் வேண்டும் என்று கேட்ட வளர்ப்பு மகன் நானா சாகிபுக்குக் கம்பெனி கையை விரித்தது. ஆறு வருஷத்தில் அவர் கம்பெனிக்கு 'மியூட்டினி' என்றொரு வார்த்தைக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தார்.

"செட்டில்மென்ட் எனக்குத் தெரியும். அமெரிக்கால போய் செட்டில் ஆகறது" என்றான் பையன்.

பத்திரிகை மேட்ரிமோனியல் படித்தே வளர்ந்த குடும்பம். நமக்கு செட்டில் என்றால் கிரீன் கார்டு. கடைக்காரருக்கு பாக்கி. சினிமா வில்லனுக்கு அரிவாள். புனே ஜில்லா விவசாயிக்குச் செட்டில்மென்ட் என்றால் நிலவரி நிர்ணயம். கதைப்படி பார்த்தால் வில்லனின் அர்த்தம்தான் கிட்டே வருகிறது. 1820களின் கடைசியில் ஆர்.கே. பிரிங்கிள் என்ற இளம் அதிகாரி இந்த வேலையைக் கையிலெடுத்தார். ("சிப்ஸா மாமா?" "சிப்ஸ் இல்லடா, கலெக்டர் ஆபீஸ்.") இவர் ஹெய்லிபரி காலேஜில் மால்தஸிடமே பொருளாதாரம் படித்தவர். ரிக்கார்டோவின் வாடகைத் தத்துவம் தலையில் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன்படி, ஒவ்வொரு வயலிலும் மொத்த விளைச்சல் எவ்வளவு, உழவு, விதை, மாடு, கூலி எவ்வளவு, கழித்தால் நிகரம் எவ்வளவு, அதில் 55 சதவீதம் சர்க்காருக்கு.

கணக்கு பிரமாதம். மார்க் போட்டால் நூற்றுக்கு நூறு. ஒவ்வொரு வயலுக்கும் அந்த எண்களைச் சேகரித்து வர வேண்டிய கீழ்ச் சிப்பந்திகள்தான் பாடப் புத்தகத்தில் இல்லாத ஆட்கள். அவர்கள் எழுதியது விளைச்சலா, விருப்பமா என்று கண்டுபிடிக்க ரிக்கார்டோவிடம் சூத்திரம் இல்லை. 1830இல் இந்த செட்டில்மென்ட் அமலுக்கு வந்தது. விலைவாசியும் விழுந்தது. வரி கட்ட முடியாத ரயத்துகள் மாட்டை ஓட்டிக்கொண்டு, பக்கத்துச் சமஸ்தானங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. ஊரே காலியானதற்குப் பெயர் செட்டில்மென்ட். கடைசியில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்று இரண்டு பேர் 1836இல் இந்தாபூர் தாலுகாவிலிருந்து, தத்துவத்தைக் கொஞ்சம் ஓரம்கட்டி, வரியைக் குறைத்து முப்பது வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள்.

முப்பது வருஷம் முடிந்தபோது பார்த்து அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் ஓய்ந்திருந்தது. போர் நடந்தவரை இந்தியப் பருத்திக்கு மவுசு. வட்டிக்கு விடும் சாகுகார் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தார். போர் நின்றதும் விலை தொப்பென்று விழ, அதே சமயம் சர்க்கார் வரியை ஏற்ற, கடன் கழுத்தைப் பிடித்தது. 1875 மே 12, சூபா கிராமம். ரயத்துகள் திரண்டு சாகுகார்களின் கடன் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினார்கள். அவர்களுக்கு முக்கியமாக வேண்டியிருந்தது அந்தக் காகிதம்தான்.

"ஸ்பெல்லிங்கைப் பார்" என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். ஆர், ஒய், ஓ, டி என்றால் குடியானவன். ஒய்யை அடித்துவிட்டு ஐ போட்டால் கலவரம். ஒரே ஒரு எழுத்து. அதற்கு நாற்பத்தைந்து வருஷம் வரி, ஒரு அமெரிக்கப் போர். சரித்திரத்துக்கு ஸ்பெல்லிங் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும் போலிருக்கிறது.

இதற்குள் புனேக்காரர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். இங்கிலீஷைப் புலிப்பால் என்றார் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர். திலகர், ஆகர்கரோடு சேர்ந்து 1880இல் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். வெள்ளைக்காரனை விரட்டப்போகிற அந்தத் தேசபக்தர்கள் அதற்கு வைத்த பெயர், நியூ இங்கிலீஷ் ஸ்கூல்.

புலிப்பால் குடித்ததற்குப் பரீட்சை 1897இல் வந்தது. புனேயில் பிளேக். வீடு வீடாகப் புகுந்த சோதனைகளால் ஊர் கொதித்தது. ஜூன் 22ஆம் தேதி ராத்திரி, விக்டோரியா மகாராணியின் வைர விழா முடிந்து திரும்பிய பிளேக் அதிகாரி ராண்ட் கணேஷ்கிண்ட் சாலையில் சுடப்பட்டார். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள். சர்க்கார், திலகரின் கேசரி பத்திரிகையில் வந்தவற்றைக் காட்டி அவரைப் பிடித்தது. குற்றம் ராஜத்துரோகம். சட்டத்தில் இருந்த வார்த்தை டிஸ்அஃபெக்‌ஷன்.

இந்த வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்பதுதான் வழக்கே. பம்பாய் ஹைகோர்ட்டில் ஜஸ்டிஸ் ஸ்ட்ரேச்சி, ஒன்பது ஜூரிகளுக்கும் இலக்கண வகுப்பு எடுத்தார். அஃபெக்‌ஷன் என்றால் பாசம். முன்னால் டிஸ் போட்டால் பாசம் இல்லாமை. அவ்வளவுதான் அர்த்தம். அதாவது, சர்க்கார் மேல் கோபம்கூட வேண்டியதில்லை; பாசம் குறைந்தாலே போதும். என் அத்தைகள் யாரும் அந்த ஜட்ஜுக்குக் கிடைக்காதது பிரிட்டிஷ் நீதித்துறைக்கு நேர்ந்த நஷ்டம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பாதிப் பேர் உள்ளே போயிருப்பார்கள். கேசரி எழுதியது மராத்தியில், கோர்ட் ஆராய்ந்தது அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை. ஜூரி ஆறுக்கு மூன்றாகப் பிரிந்தது. ஆறு ஐரோப்பியர், மூன்று இந்தியர். யார் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. பதினெட்டு மாதம் கடுங்காவல். அடுத்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, அந்த வார்த்தைக்கு விளக்கம் சேர்த்தார்கள். ஆளை உள்ளே தள்ளிவிட்டு அகராதி புரட்டிய சர்க்கார்.

இத்தனைக்கும் பதிலாக ஊர் ஒன்றாவது திருப்பிக் கொடுக்கவில்லையா என்று பையன் கேட்டான். கொடுத்தது. இறகுப் பந்து விளையாட்டுக்கு இந்த ஊர்த் துரைமார்கள்தான் 1873 வாக்கில் விதிகள் எழுதினார்கள். அந்த விளையாட்டுக்கே முதலில் 'பூனா' என்று பெயர். பிறகு இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் ஆடி, அந்த மாளிகையின் பெயரையே வைத்துவிட்டார்கள், பேட்மின்டன் என்று.

"லூட்" என்றான் பையன். பாடம் ஏறிவிட்டது.

மறுநாள் நோட்டைத் திருத்தி வாங்கி வந்தான். ரெசிடென்ட்: 'வாடகை வசூலிக்க வந்து தங்குபவர்'. தப்பு. செட்டில்மென்ட்: 'ஊரைக் காலி செய்தல்'. தப்பு, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. டிஸ்அஃபெக்‌ஷன்: 'பாசம் இல்லாமை'. தப்பு. மூன்றாவதை மட்டும் ஸ்ட்ரேச்சி துரை திருத்தியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.