கேபினெட் தேடும் அண்ணா

பழைய மதர்போர்டு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு, அதற்கேற்ற கேபினெட் தேடித் திருவனந்தபுரம் முழுவதும் அலைகிறவரை உங்களுக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் தமிழ் பேசும் தெருவுக்கு ஒருவர் வீதம் இருக்கிறார். ஏஜீஸ் ஆபீஸிலோ பாங்கிலோ சர்வகலாசாலையிலோ உத்தியோகம் பார்த்து முடித்து, மாதம் பிறந்தால் பென்ஷனும் விடிந்தால் பத்மநாப ஸ்வாமி தரிசனமுமாக இருந்துகொண்டு, வாழ்வில் இனிச் சாதிக்க வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று பாக்கியிருக்கிறது என்ற உறுதியோடு தினமும் சாயங்காலம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். அவரை அண்ணா என்று சொல்வோம். தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட.

அண்ணாவின் மதர்போர்டு 2003-ஆம் வருஷத்து இன்டெல் 865 சிப்செட் ரகம், பென்டியம் 4 வைத்தது, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்ற அளவைச் சேர்ந்தது, அதாவது நீளமும் அகலமும் 9.6 அங்குலம். அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கசிந்து உயிரை விட, இது மட்டும் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருப்பதை அவர் தம்முடைய பூர்வ புண்ணியமாகவே கருதுகிறார். தயாரித்த இன்டெல் கம்பெனியே மேஜைக் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு செய்யும் தொழிலைவிட்டு விலகுவதாக 2013-இல் அறிவித்தபோது, "கம்பெனி போனா என்ன ஓய், போர்டு போகல்லியே!" என்றார். போனது கேபினெட்தான். சங்குமுகத்துக் கடற்காற்றும் இடவப்பாதி மழையும் சேர்ந்து அதன் அடித்தகட்டைத் துருவாக உதிர்த்துக்கொண்டிருந்த காலத்தில், அண்ணா மதர்போர்டை வெளியே கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்த ஒரு சுபவேளை பார்த்து, மன்னி அந்த இரும்புக்கூட்டை ஆக்ரிக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டாள். அன்று ஆரம்பித்த யாத்திரை இன்னும் முடியவில்லை.

இந்த யாத்திரைக்கு அவசியமே கிடையாது என்பதுதான் விசேஷம். 1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுத்திட்டத்தை வகுத்ததும், 1997-இல் அதன் சிறிய வடிவத்தை, திருகுத் துளைகள் பெரும்பாலும் பழைய இடங்களிலேயே விழும்படி அமைத்ததும் எதற்காக? யார் செய்த மதர்போர்டானாலும் யார் செய்த கேபினெட்டிலும் உட்காரவேண்டும், வாங்குகிறவன் கடை கடையாக அலையக்கூடாது என்பதற்காகத்தானே? ஆகவே, ஏ.டி.எக்ஸ். என்று அட்டையில் அச்சிட்ட எந்தக் கேபினெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வந்து அண்ணா தம் போர்டை அன்றைக்கே குடியேற்றிவிடலாம். இது அண்ணாவுக்குத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

ஆனாலும் அவர் பரீட்சித்துப் பார்க்காமல் விடமாட்டார். ஸ்டாச்சுவிலோ புளிமூட்டிலோ ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும், மஞ்சள் துணிப்பையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, அதிலிருந்து பழைய வேஷ்டித் துண்டில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து, துண்டைச் சுருக்கமில்லாமல் விரித்து, உள்ளே இருக்கும் வெள்ளி நிற உறையை நீக்கி, உடம்பில் மின்சாரம் தங்கியிருந்தால் போகட்டும் என்று கடையின் இரும்பு அலமாரியை ஒரு தடவை தொட்டுக்கொண்டு, ஓரங்களை மட்டும் விரல்நுனியால் பிடித்து மதர்போர்டை வெளிக்கொணர்கிறார். கடைப் பையன் ஒரே பார்வையில் விஷயத்தைக் கிரகித்து, "சாரே, இது மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அல்லே? ஏது கேபினெட்டிலும் கேறும்" என்கிறான். அண்ணா அவனுடைய வயதுக்காக இரக்கப்பட்டுப் புன்னகை செய்து, "நோக்கட்டே, மோனே" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து தையற்காரனுடைய அளவு நாடாவை எடுக்கிறார்.

அதன்பின் கேபினெட் பரணிலிருந்து இறங்கவேண்டும், அட்டைப்பெட்டி பிரியவேண்டும், பக்கக் கதவு கழலவேண்டும், கேபினெட் தரையில் ஒருக்களித்துப் படுக்கவேண்டும். அண்ணா வேஷ்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, போர்டை உள்ளே இறக்கி, போர்டு தகட்டில் முட்டாமல் தூக்கி நிறுத்துகிற பித்தளைத் திருகுகள் ஒவ்வொரு துளைக்கும் நேர் கீழே நிற்கின்றனவா என்று பேனா டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, துளை துளையாகப் பார்க்கிறார். எல்லாம் நிற்கின்றன. இம்மி பிசகில்லை. இந்த இடத்தில் வேறு எவருக்கும் முகம் மலரும். அண்ணாவுக்கு மட்டும் ஒரு கவலை வந்து கவிகிறது. சற்று நேரம் மௌனமாயிருந்து, "எல்லாம் சரிதான். ஆனாலும் ஒண்ணு..." என்கிறார்.

அந்த 'ஒண்ணு' கடைக்குக் கடை வேறுபடும். பக்கக் கதவு கண்ணாடியாக இருந்தால், உள்ளே இருப்பதை ஊரார் பார்ப்பானேன் என்பார். முகப்பில் டி.வி.டி. டிரைவ் வைக்க இடமில்லை என்றால், விஷ்ணு ஸஹஸ்ரநாமத் தட்டை எங்கே போடுவது என்பார். முன்பக்க யூ.எஸ்.பி. கம்பி புது மாதிரியாக இருந்தால், அந்தப் பெரிய பிளக்கைச் செருகத் தம் போர்டில் இடமே கிடையாது என்பார்; அது வாஸ்தவந்தான், ஆனால் அந்தக் கம்பியைச் செருகாமல் ஓரமாக விட்டுவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை என்பதும் வாஸ்தவந்தான். பழைய கேபினெட்டுகளில் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மேலே இருந்தது, இப்போது கீழே போய்விட்டது, ஆகையால் பிராசஸருக்குப் போகிற நாலு பின் கம்பி எட்டாது என்று ஒரு நாள் முழுவதும் வாதித்தார். போர்டில் இருப்பது இருபது பின் சாக்கெட், புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் வருவது இருபத்துநாலு பின் பிளக், என்ன செய்வாய் என்று இன்னொரு கடையில் வெற்றிப் பெருமிதத்தோடு கேட்டார். அந்தக் கடையிலிருந்த பெண் ஒரு வார்த்தை பேசாமல் பிளக்கின் ஓரத்திலிருந்த நாலு பின்னைக் கட்டை விரல் நகத்தால் தள்ளித் தனியே பிரித்துவிட்டு, மிச்சமிருந்த இருபதை நீட்டினாள். அண்ணா அன்று கடையைவிட்டு இறங்கும்போது முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லா ஆட்சேபங்களும் தோற்றபின் அவருக்கென்று பத்திரமாக ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கிறது: தகடு. மதர்போர்டின் பின்புறச் சாக்கெட்டுகள் வெளியே எட்டிப் பார்ப்பதற்காகக் கேபினெட்டின் முதுகில் ஆறேகால் அங்குலத்துக்கு ஒன்றேமுக்கால் அங்குலத்தில் ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னல் எல்லாக் கேபினெட்டுக்கும் ஒரே அளவுதான், ஆனால் அதை மூடுகிற மெல்லிய தகரத் தகட்டில் வெட்டியிருக்கும் துளைகள் போர்டுக்குப் போர்டு வேறு. அண்ணாவின் தகடு பழைய கேபினெட்டோடு ஆக்ரிக்கடைக்குப் போயிற்று. அது இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும் என்று சொல்லிப் பாருங்கள்: "ஓடும். பல்லியும் ஓடும்" என்பார். அத்துடன் விவாதம் முடிந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் தீர்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்திருக்கிற பிள்ளை வீட்டாரைப்போல, வேஷ்டித் துண்டில் போர்டைச் சுற்றிக்கொண்டு, "மோனே, பின்னே வராம்" என்று படியிறங்குகிறார்.

இறங்குமுன் ஒரு பிரசங்கமும் உண்டு. 1984-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கம்ப்யூட்டரின் போர்டு ஓரடி அகலமும் ஏறக்குறைய பதினான்கு அங்குல நீளமும் இருந்ததென்றும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரட்டைப் பிளக்குகளைக் கறுப்புக் கம்பிகள் நடுவில் சேரும்படி செருகாவிட்டால் போர்டு பொசுங்கிவிடும் என்றும், பென்டியம் 4-இன் சூடு தாங்காமல் இன்டெல் 2004-இல் பி.டி.எக்ஸ். என்று ஒரு புதிய திட்டத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து 2006-இலேயே அதைக் கைவிட்டதென்றும், அந்த நேரத்தில் பிறந்தே இராத பையனிடம் விஸ்தரிக்கிறார். பி.டி.எக்ஸ். போர்டு வைத்திருப்பவர்களை நினைத்தால் மட்டும் அவருக்கு மனம் குளிர்கிறது. "நமக்காவது தேடினாக் கிடைக்கும், ஓய்."

தேடல் நடக்கும் காலமெல்லாம் போர்டு சும்மா இருப்பதாக எண்ணக்கூடாது. வீட்டில் ஒரு பலாப்பலகைமேல் அம்மணமாகக் கிடந்து, பக்கத்தில் எஸ்.எம்.பி.எஸ். உறும, லினக்ஸில் சுகமாக ஓடுகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் வந்து சுதந்திர மென்பொருள் அமைப்பை இந்தியாவுக்காகத் தொடங்கிவைத்த ஊரல்லவா இது! பவர் பட்டன் கேபினெட்டோடு போய்விட்டபடியால், ஸ்குரூ டிரைவர் நுனியால் இரண்டு பின்களைத் தொட்டுத்தான் உயிர்ப்பிக்கவேண்டும். துலா மாதத்து மத்தியான இடி தொலைவில் முழங்கியதுமே பிளக்கைப் பிடுங்குகிறார். ஹரித கர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக் சேகரிக்க வாசலில் வந்து நின்றால், போர்டின்மேல் முறத்தைக் கவிழ்த்து மூடுகிறார். சென்னைக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறுகிற தெருவாசி எவரும் ரிச்சி தெருவில் அந்தத் தகட்டை விசாரிக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காமல் தம்பானூரை விட்டுப் போக முடியாது.

ஒன்று சொல்லவேண்டும். 2020 ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறக்காமல், விக்டர்ஸ் சானலிலும் இன்டர்நெட்டிலும் பாடம் நடந்த நாட்களில், கம்ப்யூட்டரோ செல்போனோ இல்லாமல் தெருவில் தவித்த குழந்தைகளுக்கு, பரணில் கிடந்த உடைசல்களைச் சேர்த்து இயந்திரம் பூட்டிக் கொடுத்தவர் இதே அண்ணாதான். அப்போது அவர் நாடாவை எடுக்கவில்லை, தகடு கேட்கவில்லை, கேபினெட்டைத் தட்டிப் பார்த்து, போர்டை உள்ளே வைத்து முடுக்கி, ஜன்னலில் செலோ டேப்பை ஒட்டி, அன்று மாலையே வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தார். பிறருடைய போர்டு என்றால் எந்தக் கேபினெட்டும் அவருக்குப் பொருந்துகிறது.

ஆகையினால் இனியும் இதை வேடிக்கை என்று சிரித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அண்ணாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பலாப்பலகையிலிருந்து புளிமூடு வரையிலும், புளிமூட்டிலிருந்து சாலைக் கடைவீதி வரையிலும், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்திருப்பது என்னுடைய ஸ்கூட்டரில். கிழக்கேகோட்டைச் சிக்னலில் பிரேக் போட்டால், போர்டுக்கு ஆட்டம் ஆகாது ஓய் என்று என் முதுகில் குத்துகிறார். பெட்ரோல் என்ன விலை விற்கிறது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பரணில் ஏ.டி.எக்ஸ். கேபினெட் ஏதாவது தூசி படிந்து கிடந்தால், கரமனைக்குக் கொண்டுவந்து அண்ணாவிடம் கொடுத்துவிடுங்கள். அளவு கேட்கவேண்டாம், அது பொருந்தும். பொருந்தவில்லை என்று அவர் சொன்னால், என்னைத் தேடி அவர் வருவதற்குமுன் எனக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.