பரவை வட்டாரப் பறப்பியலில் 'டக்' ஒலியின் இடம்: ஓர் ஆய்வு

முன்னுரை: முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. இதற்கும் இக்கட்டுரைக்கும் தொடர்பில்லை. ஆனால் தொடர்பில்லாத பழஞ்செய்தியோடு தொடங்காத ஆய்வை எந்த நெறியாளரும் கையால் தொடுவதில்லை.

பொருள்: மருந்து தெளிக்கும் டிரோன் மதுரையை அடுத்த பரவை ஊர் வயலில் எழும்புமுன், அதன் பேட்டரி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. 'பரவை' என்றால் கடல். 'பறவை' என்றால் பறப்பது. இந்த ரகர றகர வேறுபாடு தெரியாதவர் ரிமோட்டைத் தொடலாகாது என்பது என் துணிபு. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது என்று எடையால் வகுத்த டிரோன் விதிகள், 2021, எழுத்தால் வகுக்காமல் விட்டது பெருங்குறை.

தேவை: டிரோனுக்கு மிதந்து இறங்க இறக்கை இல்லை. நடுவானில் பேட்டரி கழன்றால், பத்து லிட்டர் மருந்தோடு கல்லாய் விழும். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டியிருப்பதால், காலையில் கவனமாய் இருந்த கை உச்சிவெயிலில் பழக்கத்துக்குப் போய்விடுகிறது.

பார்ப்போர் வகை ஐந்து.

1. கும்பிடுவோர்: இவர்கள் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள்.

2. விளக்கு நம்பிகள்: நான்கு பச்சை விளக்கும் எரிந்தால் போதும் என்பர். விளக்கு சொல்வது சார்ஜ் எவ்வளவு என்பதை. பூட்டு விழுந்ததா என்பதை அன்று. நெற்றிக்கண்ணுக்கே அஞ்சாத நக்கீரர் ஊரில் நான்கு பொட்டு விளக்குக்கு மயங்கலாமா?

3. திணிப்போர்: உள்ளே வாயு சேர்ந்து உப்பிய லித்தியம் பேட்டரியைத் தட்டி நுழைப்பவர்கள். தகுதியுள்ளோர்க்கே இடம் தந்த சங்கப் பலகை போல டிரோன் அதை ஏற்க மறுக்கும். அப்பலகை இன்று பல்கலைக்கழகங்களில் இல்லாதது, உப்பிய பலருக்கு நல்லதாயிற்று.

4. இழுப்போர்: மாட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள். இவர்களுடைய டிரோன் விழாததால் தரவு கிடைக்கவில்லை; நீக்கப்பட்டனர்.

5. கேட்போர்: கொக்கி விழும் 'டக்' ஒலிக்குக் காதைத் தீட்டுபவர்கள். சிக்கல் இங்கேதான். தொல்காப்பியப்படி டகரம் மொழிக்கு முதலாகாது. ஆகவே தமிழ்மண்ணில் எந்தப் பேட்டரியும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள இயலாது (டீக்கடை பெஞ்சு, இடப்புறம்). டாக்டரை 'இடாக்டர்' ஆக்கிய மரபுப்படி 'இடக்' என்க என்பர் ஒரு சாரார் (மேற்படி பெஞ்சு, வலப்புறம், வடை தீர்ந்தபின் நிகழ்ந்த அமர்வு). அவ்வாறாயின் 'இடக்' கேட்டால் இடக்கு இல்லை, கேட்காவிட்டால் இடக்கு உண்டு என மாறுகொளக் கூறலாகும். 'சடக்' என்றாலோ, சகரம் அகரத்தோடு மொழிமுதல் வருவதையும் தொல்காப்பியம் விலக்குகிறது. 'சட்டி'யைச் சான்று காட்டி ஒருவர் மறுத்தார். சட்டி அடுப்பில் இருந்ததால் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. எஞ்சியது 'கடக்'. மொழிமுதல் இலக்கணத்துக்கு முற்றும் உடன்பட்டது, எந்தப் பேட்டரியும் அப்படி ஒலிப்பதில்லை என்பது ஒன்றே குறை (பெஞ்சின் மூன்றாம் கால், அடிப்பக்கச் செதுக்கல், கறையான் அரித்த இடைச்செருகல் நீங்கலாக, ஒப்புநோக்குக: எதிர்க்கடைப் பெஞ்சு, பழைய பாக்கி காரணமாகப் பார்வையிட அனுமதி மறுக்கப்பட்டது).

களப்பணி: வரப்பில் டிரோன் ஓட்டும் தம்பியிடம் இம்முடிவைத் தெரிவித்தேன். "ஜெனரேட்டர் போடுற சத்தத்துல டக்காவது கடக்காவது, சார்! இழுத்துப் பாருங்க. கையோட வந்துச்சுன்னா மாட்டலன்னு அர்த்தம்" என்றார். அச்சேறாத வாய்மொழி என்பதால் இச்சான்று தள்ளப்பட்டது.

முடிவுரை: 'கடக்' என்பதற்கு வல்லினம் மிகுமா என நான் எழுதிக்கொண்டிருக்கையில், அந்தத் தம்பி பேட்டரியை இழுத்துப் பார்த்து, இரண்டு ஏக்கர் அடித்து முடித்து, அடுத்த வயலுக்குப் போய்விட்டார். நிதி கிடைத்ததும் பின்தொடர்வோம்.