குத்தூசியின் காது: ஒரு விசாரம்

ஊசி என்றால் அதற்குக் காது உண்டென்பதும், அக்காது முனைக்கு எதிர்க்கோடியில் அமையுமென்பதும், காதற்ற ஊசியொன்றே பட்டினத்தாரைத் துறவியாக்கிற்று என்பதும் சகலரும் அறிந்த விஷயங்கள். ஆயினும், செருப்புத் தைக்கும் குத்தூசிக்குக் காது உண்டா, உண்டாயின் எங்கே என்னும் மகத்தான வினா விசாரிப்பாரின்றிக் கிடப்பது தமிழுலகின் துரதிருஷ்டமே.

திருமழிசை ஜகந்நாதப் பெருமாளைச் சேவித்துத் திரும்புகையில் என் செருப்பின் வார் அறுந்து, சாலையோரம் தோல் தைக்கும் பெரியவர் முன்னால் ஒற்றைக் காலில் நிற்க நேர்ந்தபோதுதான் இவ்வாராய்ச்சி உதயமாயிற்று. அவ்வூரில் அவதரித்த ஆழ்வாருக்கு வலக்கால் பெருவிரலில் கண் இருந்ததென்பது வைணவ மரபாதலின், அங்கங்கள் இடம் மாறி அமைவதை ஆராய அதனினும் உகந்த க்ஷேத்திரம் வேறில்லை.

பூர்வபட்சம்: ஊசியின் அடிப்பாகம் மரப்பிடிக்குள் புதைந்திருப்பதால் காது இல்லை. இது பிரத்தியட்சத்துக்கு விரோதம். முனையருகே சாய்வாக ஒரு வெட்டு இருக்கிறது. இடக்கை மெழுகு நூலைச் செருப்பின் அடியில் ஏந்தியிருக்க, வலக்கை ஊசியை மேலிருந்து இறக்கித் திருப்பினால், நூல் அவ்வெட்டில் மாட்டி வளையமாக மேலே வருகிறது. மறுமுனையை அதற்குள் நுழைத்து இருபுறமும் இழுத்தால் பின்னல் தோலின் நடுவே புதைந்துவிடுகிறது. முனையில் காதுள்ள ஊசியைத் தையல் இயந்திரத்தில் பொருத்தி எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் 1846இல் காப்புரிமை பெற்றார். நம் பெரியவர் விண்ணப்பிக்கவில்லை.

தோல் தைக்கும் ஊசியின் வேகத்துக்குப் பிரமாணம் புறநானூற்றின் 82ஆம் பாட்டு. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வேதனை, மழையோ கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் வாரால் கட்டில் பின்னுகிறவனது ஊசியைக் காட்டியே சாத்தந்தையார், போர்வைக் கோப்பெருநற்கிள்ளியின் போர் வேகத்தை விளக்குகிறார். பின்னுகிறவனைத் தாழ்ந்த சொல்லால் குறித்த புலவருக்கும், அரசனை உயர்த்த அவன் கையே வேண்டியிருந்தது.

எஞ்சிய ஆட்சேபம் ஒன்று: அடியில் கிடக்கும் நூல் கண்ணுக்குத் தெரியாதிருக்க, ஊசி அதை எங்ஙனம் கண்டுபிடிக்கிறது?

"ஏன் பெரியவரே, கீழே பார்க்காமலே மாட்டுகிறீர்களே?"

"கண்ணு எதுக்கு சார், வெரலு பாத்துக்கும்."

தைத்த செருப்பை என் முன் போட்டுவிட்டு, மற்றதையும் வாங்கி, வாரைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்தினார்.

"இதுவும் நாளைக்குப் பூடும் சார். தெச்சிடட்டா?"

மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பெருவிரலுக்குத் தெரிந்திருந்தது. ஊரின் மகிமையை உத்தேசித்து, மறுகாலில் நின்றேன்.