கேரவன் மாப்ளைக்குத் தாத்தா சொன்னது

வாங்க மாப்ளே, உக்காருங்க. பழைய டிராவலர் வேன் ஒண்ண வாங்கிக் கட்டிலு, அடுப்பு, ஏசின்னு ஏத்திட்டீங்களாம், பேத்தி சொன்னா. சினிமாக்காரவுக கேரவன் கணக்கா இருக்காமே! நம்ம குடும்பத்துல வண்டியில படுத்துத் தூங்குன ஆளு இதுவரைக்கும் நான் ஒருத்தன்தேன். அதுவும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போற வெங்காய மூட்டைக்கு மேல.

இப்ப அந்த ஏசிக்கு ஜெனரேட்டர் வாங்கப் போறீங்க. பெட்டியில 2.5 கே.வி.ஏ.ன்னு போட்டிருக்கு, ஏசி 1,600 வாட்டுதேன் இழுக்கும், தாராளமாப் பத்தும்னு சொன்னீகளாம். படிச்ச புள்ள சொன்னா சரியாத்தேன் இருக்கும். இருந்தாலும் பெட்டியக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. முன்னால பெருசா எழுதியிருக்கிறது, அது மூச்சப் பிடிச்சுக்கிட்டுச் சித்த நேரம் தாங்குறது. விடிய விடியத் தர்றது பின்னால பொடி எழுத்துல கிடக்கும். அது 2 கே.வி.ஏ.ன்னு வைங்க, 0.8 ஆல பெருக்குனா 1,600 வாட்டு. ஏசி ஓடும். செல்போனுக்குச் சார்ஜ் போட மட்டும் நீங்க டீக்கடைக்குப் போயிக்கிறணும்.

அதுவும் ஓடுற ஏசிக்குத்தேன் 1,600. கெளம்புற ஏசிக்கு? பழைய மாடல் கம்ப்ரசர் எந்திரிக்கிற நேரத்துல மூணு நாலு மடங்கு கரண்டு கேக்கும், ஒரு நொடிதேன். சேத்துல பதிஞ்ச வண்டியக் கிளப்ப மாடு முக்குறதப் பாத்திருப்பீக. ஓ, நீங்க யூடியூப்ல பாத்திருப்பீக. கடைக்காரரு ஃபேனைச் சுத்தவிட்டுக் காட்டி உங்கள அனுப்பிருவாரு. நீங்க வேனையே கடை வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டுங்க, சித்திரை மாச மத்தியானம் பாத்து. ஏசியப் போடுங்க, அணைங்க, மூணு நிமிசம் கழிச்சு மறுக்காப் போடுங்க. அப்பவும் மக்கர் பண்ணாம எந்திரிச்சா பணத்த எண்ணுங்க.

எனக்கென்னமோ ஜெனரேட்டரப் பெருசாக்குறத விட ஏசியச் சிறுசாக்குறது நல்லதுன்னு படுது. வேனுக்குள்ள இடம் எம்புட்டு, அதுக்கு ஹாலுக்கு மாட்டுற ஒன்றரை டன்னா? கூரைத் தகரத்துக்கு உள்ள வெயில் தாங்குற சீட்டு ஒட்டி, ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி போட்டா அது மெதுவா எந்திரிச்சு 1,000 வாட்டுக்குப் பக்கத்துல அடங்கிரும். ஜெனரேட்டரும் இன்வெர்ட்டர் வகையாப் பாருங்க. சாதா மிசினு லோடு இருந்தாலும் இல்லாட்டியும் நிமிசத்துக்கு 3,000 சுத்து சுத்திக்கிட்டே கெடக்கும். 2012ல கரண்டு போறப்பல்லாம் நம்ம கடைவீதி பூரா அந்த டபடபதேன். எனக்கு ஒரு காது அப்பவே போயிருச்சு. இப்ப உங்க மாமியார் பேசுறது பாதி கேக்கலன்னா அதுவும் ஒரு சௌகரியம்தேன்.

கொடைக்கானலுக்கும் கொண்டு போவீகளாம். ஏறக்குறைய 2,100 மீட்டர் உசரம். காத்து லேசாக லேசாக பெட்ரோல் மிசினு தெம்பு கொறையும், மேல போறப்ப கால்வாசி போயிரும். அதனால பெருசா வாங்கணும்னு கடைக்காரரு சொல்வாரு. மார்கழிக் குளிருல கொடைக்கானல்ல ஏசி போடுற மொத மாப்ள நம்ம வீட்டு மாப்ளன்னு நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிறேன்.

இனிமே சொல்றது கேலியில்ல. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில, ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள்ள ஏசியப் போட்டுப் படுத்த ரெண்டு பேரு எந்திரிக்கவே இல்ல. ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு தரையில இருந்த ஓட்டை வழியா உள்ள ஏறிருச்சுன்னு கோழிக்கோடு என்.ஐ.டி. ஆளுக சோதிச்சுச் சொன்னாக. அதுக்கு வாடையும் இல்ல, நிறமும் இல்ல. தலை கனக்கும், தூக்கம் வரும், ஏசி சொகம்னு நெனச்சுக் கண்ண மூடிருவோம். அதனால மிசினை வேனுக்கு அடியில மாட்ட வேணாம். கீழ எறக்கி இருபதடிக்குத் தள்ளி, காத்து வேனைத் தாண்டிப் போற பக்கம் வைங்க. அம்புட்டுத் தூரத்துக்கு ஒயரு தடியா இருக்கணும், சீரியல் லைட்டு ஒயரு ஆகாது. தரையில ஒரு ஓட்டை விடாம அடைங்க. கட்டிலுக்குப் பக்கத்துல கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு மாட்டுங்க. ஜெனரேட்டருக்குக் கொடுக்கிற காசுல அதெல்லாம் தூசு.

ராத்திரி வெளிய வச்சா களவு போயிருமேன்னு பயப்படாதீங்க. நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு 2019லயே புவிசார் குறியீடு கெடச்சாச்சு, சங்கிலியப் போட்டு மரத்தோட கட்டுங்க.

பெட்ரோலு? மணிக்கு ஒரு லிட்டர்னு வைங்க. ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 800 ரூவாய்க்கு மேல ஆகும். அந்தக் காசுக்குப் பழனியில ரூம் போட்டுக் காலை நீட்டிப் படுத்துருவேன் நான். ஆனா நீங்க வாங்குங்க மாப்ளே, நான் வேணாங்கல. தைப்பூசத்துக்குப் போறப்ப எனக்குக் கீழ்க்கட்டிலு. மேல ஏற முட்டி ஒத்துழைக்காது.